அதிவேக லேசர் ஆய்வில் நான்கு பாதைகள்: அடுக்குப் பளிங்கைப் படிக்கப் போகிறவர் எதைத் தேர்வது?

இறுதியாண்டுப் பெறுபேறுகள் வரும் காலத்தில், கொழும்பில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்த பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வரும். "மிஸ், ஜேர்மனியில ஒரு இடம், அமெரிக்காவில ஒரு இடம் கிடைச்சிருக்கு. ரெண்டுமே அல்ட்ராபாஸ்ட் லேசர்தான். எதை எடுக்கிறது?" உதவித்தொகை, பல்கலைக்கழகத் தரவரிசை, குளிர், அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்பது வரை எல்லாம் பேசி முடிந்தும் முடிவு வராமல் தவிப்பார்கள். அந்தக் குழு எந்தக் கருவியால் பார்க்கிறது என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலானோர் கேட்டிருக்கமாட்டார்கள்.

கலாநிதி ஆய்வுக்குப் போகும் ஐந்து ஆண்டுகளை அந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது. அடுக்குப் பளிங்குகளில் லேசரால் அவத்தை மாற்றத்தை (பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை) தூண்டிப் படிக்கும் துறையில் இன்று நான்கு பெரிய வழிகள் இருக்கின்றன: ஒளித் தெறிப்பு, இலத்திரன் கோணல் (டிஃப்ராக்ஷன்), ஒளியுமிழ்வு, எக்ஸ் கதிர் லேசர். நான்கும் ஒரே பளிங்கைத்தான் பார்க்கின்றன. ஆனால் காண்பது வேறு, அன்றாட வேலை வேறு, கடைசியில் கையில் மிஞ்சும் திறமையும் வேறு.

## பொருளைப் பற்றி முதலில்

அடுக்குப் பளிங்கு என்றால் காரீயத்தை (கிராபைட்டை) நினைத்துக்கொள்ளுங்கள். போகலவிலும் கஹட்டகஹவிலும் வெட்டியெடுக்கும் அதே காரீயம். தளத்துக்குள் அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். தளங்களுக்கிடையில் வலுக்குறைந்த வந்தர்வாலிசு விசை மட்டுமே. அதனால்தான் செலோடேப்பை ஒட்டி இழுத்தால் படை படையாக உரிந்து வருகிறது. நமக்கு வேண்டிய அவத்தை மாற்றம் காரீயத்தில் இல்லை. இதேபோல் உரியக்கூடிய வேறு பொருள்களில் இருக்கிறது.

இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கும் பொருள் 1டி வகைத் தந்தலம் டைசல்பைட். சுமார் 550 கெல்வினுக்கு மேல் அது சாதாரண உலோகம். குளிரும்போது இலத்திரன்கள் சீராகப் பரவியிருப்பதை விட்டு அலை அலையாகத் திரள்கின்றன. அவற்றோடு அணுக்களும் சற்று இடம் பெயர்கின்றன. இதுதான் ஏற்ற அடர்த்தி அலை. சுமார் 350 கெல்வினில் இன்னொரு மாற்றம். மேலும் குளிர்வித்து 180 கெல்வின் அளவை எட்டினால், 13 தந்தலம் அணுக்கள் சேர்ந்து ஆறுமுனை நட்சத்திரங்களாகப் பளிங்கு முழுவதும் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ள, பொருள் காவலியாகிவிடுகிறது.

அடுப்பில் வைத்து மெல்லச் சூடாக்கினால் இலத்திரனும் சாலகமும் (அணுக்களின் ஒழுங்கான அமைப்பும்) ஒரே வெப்பநிலையில் சேர்ந்தே நகரும். முதலில் மாறியது எது என்று பிரிக்க வழியில்லை. பெம்டோ செக்கன் லேசர் துடிப்போ சக்தியை இலத்திரன்களிடம் மட்டுமே முதலில் கொடுக்கிறது. அது சாலகத்துக்குக் கைமாற ஒரு பிக்கோ செக்கன் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஆயிரம் பெம்டோ செக்கன்) அளவு பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் இலத்திரன்கள் ஆயிரக்கணக்கான கெல்வினில் கொதிக்க, அணுக்கள் இன்னும் குளிராகவே இருக்கும். அப்போது நடப்பதைப் பார்த்தால், அவத்தை மாற்றத்தைத் தொடக்கி வைத்தது இலத்திரனா சாலகமா என்று சொல்லலாம். இன்னொன்றும் நடக்கலாம்: சூடாக்கியோ குளிர்வித்தோ ஒருபோதும் போய்ச் சேர முடியாத நிலைக்குப் பொருளைத் தள்ளிவிடலாம். 2014 இல் ஸ்லோவேனியாவின் லியுப்லியானா குழு, குளிர்ந்த தந்தலம் டைசல்பைட்டின் மீது 35 பெம்டோ செக்கன் துடிப்பு ஒன்றைச் செலுத்தி, மின்னைக் கடத்தும் 'மறைந்த நிலை' ஒன்றை எழுப்பியது. துடிப்பு போன பிறகும் அந்த நிலை அப்படியே இருந்தது. சூடாக்கித்தான் அழிக்க வேண்டியிருந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம். கருவிக்கு நேரடியாகத் தெரிவது எது: இலத்திரனா, அணுவின் இருப்பிடமா, இரண்டும் கலந்த ஏதோவொன்றா? அதற்கு எப்படிப்பட்ட மாதிரி வேண்டும், அதைச் செய்வதில் எத்தனை மாதம் போகும்? கருவி யாருடையது: காலையில் நீங்களே போய் இயக்கலாமா, வரிசையில் காத்திருக்க வேண்டுமா? பழுதானால் இழப்பு மணிக்கணக்கிலா வாரக்கணக்கிலா?

ஐந்தாவது, கொழும்புக்குத் திரும்பி வந்தால் இதைத் தொடர முடியுமா? இதை வெளிநாட்டு மேற்பார்வையாளர்கள் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டியது அவர்களின் பொறுப்பும் இல்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழுவின் கட்டுரைகள் எந்தச் சஞ்சிகையில் வந்தன என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பெரிய சஞ்சிகைக் கட்டுரையில் இருபது பேர் பெயர் இருக்கும். அதில் ஒரு மாணவர் எதைச் செய்தார், எதைக் கற்றார் என்பது வெளியே தெரியாது.

| வழி | நேரடியாகத் தெரிவது | காலக் கூர்மை | மாதிரி | கருவி |
|---|---|---|---|---|
| ஒளித் தெறிப்பு | தெறிப்புத்திறனில் மாற்றம் | சில பத்து பெம்டோ செக்கன் | மைக்ரோமீற்றர் அளவுத் துண்டும் போதும் | குழுவின் சொந்த மேசை |
| இலத்திரன் கோணல் | தளத்துக்குள் அணு ஒழுங்கு | பெரும்பாலும் 100 முதல் 200 பெம்டோ செக்கன் | சில பத்து நனோமீற்றர் தடிப்புள்ள மெல்லிய தாள் | ஓர் அறை, அல்லது பெரிய நிலையம் |
| ஒளியுமிழ்வு | இலத்திரன் பட்டைகளும் இடைவெளியும் | 30 முதல் 200 பெம்டோ செக்கன் | வெற்றிடத்துக்குள் பிளந்த புது மேற்பரப்பு | ஓர் அறை நிறைய உருக்குக் கலங்கள் |
| எக்ஸ் கதிர் லேசர் | மூன்று திசையிலும் அணு ஒழுங்கு | சில பத்து பெம்டோ செக்கன் | தடித்த பளிங்கும் சரி | கிலோமீற்றர் நீளப் பொது நிலையம் |

## ஒளித் தெறிப்பு

ஆய்வுகூடங்களில் 'பம்ப்-புரோப்' என்று சொல்வது முதலில் இதைத்தான். ஒரே லேசர்க் கற்றையை இரண்டாகப் பிரிப்பார்கள். வலுவான பாதி பளிங்கைத் தட்டி எழுப்பும். வலுக்குறைந்த பாதி சற்றுத் தாமதித்து வந்து தெறித்துப் போகும். தாமதத்தை உண்டாக்குவது நகரும் மேடையில் பூட்டிய ஆடி. மேடை ஒரு மைக்ரோமீற்றர் நகர்ந்தால் ஒளி போய்வரும் பாதை இரண்டு மைக்ரோமீற்றர் நீளும். அது ஏறத்தாழ 6.7 பெம்டோ செக்கன். உலகின் மிக வேகமான கடிகாரங்களில் ஒன்றை ஒரு திருகாணியும் ஆடியும் செய்து தருகின்றன.

புதிதாக வரும் மாணவருக்கு முதல் சோதனை 'பூச்சிய நேரத்தை'க் கண்டுபிடிப்பது, அதாவது இரு துடிப்புகளும் ஒரே கணத்தில் வந்து சேரும் மேடை நிலையை. மாதிரி இருக்கும் இடத்தில் மெல்லிய பளிங்குத் தகடு ஒன்றை வைத்து, 800 நனோமீற்றர்க் கற்றைகள் இரண்டையும் அதில் ஒரே புள்ளியில் விழ வைப்பார்கள். தகட்டுக்கு அப்பால் வெள்ளைக் காகிதத்தில் மங்கிய சிவப்புப் புள்ளிகள் இரண்டு தெரியும். மேடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்புகள் இரண்டும் தகட்டுக்குள் சந்திக்கும் கணத்தில், இரண்டு சிவப்புகளுக்கும் நடுவே ஒரு நீலப் புள்ளி எழும். மேடையைச் சற்று அந்தப் பக்கம் தள்ளினாலும் போச்சு. நீலம் வரும்வரை ஒருநாள் முழுவதும் போகலாம். வந்துவிட்டால், ஒளி எவ்வளவு நீளமான ஒரு பொருள் என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

அதற்குப் பிறகு அளக்கும் மாற்றம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். லொக்-இன் பெருக்கி அதைச் சத்தத்துக்குள்ளிருந்து பிடித்துத் தரும். தந்தலம் டைசல்பைட்டில் இதைச் செய்தால் வளைகோட்டின் மேல் ஒரு சீரான அலைவு தெரியும். அதன் மீடிறன் ஏறத்தாழ 2.4 தெராஹேட்சு, அதாவது 400 பெம்டோ செக்கனுக்கு ஒருமுறை அந்த நட்சத்திரங்கள் விரிந்து சுருங்குகின்றன. லேசரின் வலுவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அலைவு தளர்ந்து மறையும். அவத்தை மாறிவிட்டது என்பதற்கு அதுவே முதற் சாட்சி.

குறை எங்கே என்றால், மட்பானையைத் தட்டி வாங்குகிறவருக்கு விரிசல் இருப்பது சத்தத்தில் தெரியும். எந்த இடத்தில் என்று தெரியாது. தெறிப்புத்திறனும் அப்படித்தான். இலத்திரனின் சூடு, அணுவின் நகர்வு, வெறும் வெப்ப விரிவு எல்லாம் ஒரே எண்ணுக்குள் கலந்து வரும். அந்த வளைகோட்டுக்கு இரண்டு மூன்று அடுக்குக்குறிச் சார்புகளைக் கூட்டிப் பொருத்திவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். மதிப்பீட்டாளர் "கட்டமைப்பு உண்மையில் மாறியதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் இந்தக் கருவியில் மட்டும் நின்று பதில் சொல்ல இயலாது. இதுதான் இந்த வழியின் மறைந்த செலவு.

இதற்கு ஒரு நல்ல துணை உண்டு. தெறித்து வரும் ஒளியில் இரட்டை மீடிறனை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால், பளிங்குக்கு மையச் சமச்சீர் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். மொலிப்டினம் டைடெலுரைட் சுமார் 250 கெல்வினுக்குக் கீழே அந்தச் சமச்சீரை இழந்திருக்கும். லேசர் பட்டு ஒரு பிக்கோ செக்கனுக்குள் அது திரும்பி வருவதை 2019 இல் இந்த முறையால் காட்டினார்கள். மேசை அதே மேசைதான். ஒரு வடிகட்டியும் நுண்ணிய உணரியும் கூடுதல்.

அன்றாடப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆபத்து மிகக்கூடிய வகுப்பு 4 லேசர் அது. சிதறி வரும் கதிர்கூடக் கண்ணைப் பறித்துவிடும். காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் கழற்றாமல் மேசைக்குக் குனியக் கூடாது. கண்ணாடி போடாமல் வேலை செய்வதை வீரமாகக் காட்டும் குழுவாக இருந்தால், அங்கே போக வேண்டாம்.

கருவி உங்களுடையதாக இருக்க வேண்டும், நினைத்த மறுநாளே சோதித்துப் பார்க்க வேண்டும், பொருள்களை மாற்றி மாற்றி ஆராய வேண்டும் என்று விரும்பினால் இதைவிட நல்ல வழி இல்லை. கையளவு கூடத் தேறாத சிறு பளிங்குத் துண்டுகளோடு வேலை செய்பவருக்கும் இதுவே பொருந்தும்.

## இலத்திரன் கோணல்

அணுக்கள் எங்கே போயின என்று நேரே பார்க்க வேண்டுமானால், லேசர் துடிப்புக்குப் பின்னால் ஓர் இலத்திரன் துடிப்பை அனுப்பிப் பளிங்கினூடாகச் செலுத்த வேண்டும். திரையில் கோணல் புள்ளிகள் விழும். ஏற்ற அடர்த்தி அலை இருந்தால் முதன்மைப் புள்ளிகளைச் சுற்றி மங்கலான துணைப் புள்ளிகள் இருக்கும். அவை மங்கினால் ஒழுங்கு குலைகிறது. அகன்றால் ஒழுங்கு சிறு சிறு திட்டுகளாக உடைகிறது. புது இடத்தில் தோன்றினால் புது அவத்தை பிறந்திருக்கிறது. 2010 இல் இப்படித்தான் தந்தலம் டைசல்பைட்டின் சாலக ஒழுங்கு சுமார் கால் பிக்கோ செக்கனில் தளர்வதைப் படம் பிடித்தார்கள். 2019 இல் கலிபோர்னியாவின் ஸ்லாக் நிலையத்தில், தெராஹேட்சுத் துடிப்பு பட்டதும் தங்ஸ்தன் டைடெலுரைட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைவதைக் கண்டார்கள், மீடிறன் 0.24 தெராஹேட்சு. வழுக்கல் மிகுந்தபோது பளிங்கின் சமச்சீரே மாறியது.

படங்கள் அழகானவை. அந்தப் படத்துக்கு முன்னால் இருக்கும் வேலையை விண்ணப்பிக்கிறவர்கள் அறிவதில்லை. இலத்திரன் ஊடுருவ வேண்டுமானால் மாதிரி சில பத்து நனோமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது. அகலமோ நூறு மைக்ரோமீற்றராவது வேண்டும். வைரக் கத்தி பூட்டிய நுண்வெட்டியால் சீவுவார்கள், அல்லது டேப்பால் திரும்பத் திரும்ப உரிப்பார்கள். சீவிய தாள் தண்ணீரின் மேல் மிதக்கும். தடிப்பு குறையக் குறைய நிறம் மாறும். ஒளியைச் சாய்த்துப் பார்த்துப் பழகிய கண் தடிப்பை மதிப்பிட்டுவிடும். பிறகு மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள செப்பு வலையைத் தண்ணீருக்குக் கீழால் கொண்டுபோய், மூச்சை அடக்கி, தாளை மெல்லத் தூக்க வேண்டும். ஒரு கண்ணிமை மயிரைக் குச்சியில் ஒட்டித்தான் தாளை நகர்த்துவார்கள். சுருங்கும், மடியும், கிழியும். முதல் ஆண்டில் பெரும்பகுதி இதற்கே போகலாம்.

கிழியாமல் கிடைத்தாலும் முடிந்துவிடாது. வலையில் தொங்கும் தாளுக்கு வெப்பத்தை வெளியே விட வழி குறைவு. அதனால் துடிப்புகளை இடைவெளி விட்டே அனுப்ப வேண்டும். தரவு மெல்லத்தான் சேரும். தாள் இழுபட்டிருந்தால் அவத்தை மாறும் வெப்பநிலையே நகர்ந்துவிடும், தடித்த பளிங்கின் அளவுகளோடு ஒப்பிட முடியாது. ஒரே துடிப்பில் நிறைய இலத்திரன்களை அடைத்தால் அவை ஒன்றையொன்று தள்ளித் துடிப்பை நீட்டிவிடும். குறைத்தால் படம் மங்கும். தாளுக்குச் செங்குத்தாகப் போகும் இலத்திரன் தளத்துக்குள் இருக்கும் ஒழுங்கை நன்றாகக் காணும். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதை மாதிரியைச் சாய்த்தால்தான் ஓரளவு காணும்.

பொறுமையும் கைத்திறனும் உள்ளவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். தையல், நகைவேலை, நுண்ணிய படம் வரைதல் என்று விரல்களுக்குப் பழக்கமிருந்தால் இன்னும் நல்லது. இலத்திரன் நுணுக்குக்காட்டியோடு நெருங்கிய உறவுள்ள துறை இது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை தேடுவதும் எளிது.

## ஒளியுமிழ்வு

ஐன்ஸ்டைன் 1905 இல் விளக்கிய ஒளிமின் விளைவுதான் அடிப்படை. போட்டன் ஒன்று இலத்திரனை வெளியே தள்ளும். அதன் சக்தியையும் கோணத்தையும் அளந்தால், பளிங்குக்குள் அது எந்தப் பட்டையில் (இலத்திரன் இருக்கக்கூடிய சக்தி வரம்பில்) எந்த உந்தத்தோடு இருந்தது என்று தெரியும். லேசரால் தூண்டிய பிறகு இதையே செய்தால், காவலியின் சக்தி இடைவெளி மூடுவதைக் கண்முன் பார்க்கலாம்.

'எது முதலில்?' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. தைத்தானியம் டைசெலினைட் சுமார் 200 கெல்வினில் ஏற்ற அடர்த்தி அலைக்கு மாறும். இலத்திரனும் துளையும் (இலத்திரன் விட்டுப்போன இடமும்) ஒன்றையொன்று ஈர்ப்பதாலா, சாலகம் நெளிவதாலா என்று 1970களிலிருந்து வாதம் நடக்கிறது. 2011 இல் அந்த இடைவெளி சில பத்து பெம்டோ செக்கனுக்குள் சரிவதை ஒளியுமிழ்வு காட்டியது. அணுக்கள் நகர்ந்து முடிக்க அந்த நேரம் போதாது. இலத்திரன் பக்கம் தராசு தாழ்ந்தது. வாதம் அதோடு முடிந்துவிடவில்லை. சாலகத்தின் பங்கையும் வேறு அளவீடுகள் காட்டின.

சேருமுன் இரண்டு விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, குழுவிடமுள்ள போட்டன் சக்தி எவ்வளவு? 6 இலத்திரன் வோல்ற்று என்றால் கூர்மை நன்றாக இருக்கும், ஆனால் உந்த வெளியின் நடுப்பகுதி மட்டுமே எட்டும். ஓரங்களைப் பார்க்க வாயுவில் உயர் இசைகளை (லேசர் மீடிறனின் பல மடங்குகளை) உண்டாக்கி 20 இலத்திரன் வோல்ற்றுக்கு மேல் போக வேண்டும். தைத்தானியம் டைசெலினைட் போன்ற பொருள்களில் கதை நடப்பதே ஓரத்தில்தான். இரண்டாவது, இயற்கை வைத்திருக்கும் பேரம். துடிப்பைக் குறுக்கினால் சக்தி மங்கும். இரண்டின் பெருக்கம் ஏறத்தாழ 1825 மில்லி இலத்திரன் வோல்ற்று-பெம்டோ செக்கனுக்குக் கீழே போகாது. 100 பெம்டோ செக்கன் துடிப்புக்கு 18 மில்லி இலத்திரன் வோல்ற்று, 35 பெம்டோ செக்கனுக்கு 52. சிறிய இடைவெளியுள்ள பொருளில் மிக வேகமான மாற்றத்தைத் தேடினால் இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. எவ்வளவு பணம் இருந்தாலும் இதை வாங்க முடியாது.

வெற்றிடம்தான் இங்கே எசமான். கலத்தை ஒருமுறை திறந்தால் நூறு பாகைக்கு மேல் நாட்கணக்கில் சுட வைத்து ஈரத்தை விரட்ட வேண்டும். சிறு கசிவு ஒரு வாரத்தைத் தின்றுவிடும். உள்ளே பிளந்த மேற்பரப்பும் மெல்ல அழுக்காகும், எனவே தரவு எடுக்கத் தொடங்கினால் இரவு பகல் பாராமல் எடுக்க வேண்டும். பட்டைக் கொள்கையில் உண்மையான ஆசை உள்ளவர் இதையெல்லாம் தாங்குவார். அந்த ஆசை இல்லாதவருக்கு நீண்ட தண்டனை.

## எக்ஸ் கதிர் லேசர்

இங்கே லேசர் துடிப்புக்குப் பின்னால் இலத்திரனுக்குப் பதிலாக எக்ஸ் கதிர்த் துடிப்பு போகிறது. ஸ்லாக்கின் நிலையம் 2009 இலும் ஜப்பானின் சாக்லா 2011 இலும் ஒளிவிடத் தொடங்கின. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் 3.4 கிலோமீற்றர் நீளமுள்ள ஐரோப்பிய நிலையம் 2017 இல் திறந்தது. தடித்த பளிங்கிலும் மூன்று திசையிலும் அணு ஒழுங்கை இவ்வளவு துல்லியமாகக் காணும் கருவி வேறில்லை. தந்தலம் டைசல்பைட்டில் அடுக்குகளின் அமர்வு மாறுவதுதான் உங்கள் கேள்வி என்றால், வேறெங்கும் பார்க்கத் தேவையில்லை.

கருவி யாருடையதும் அல்ல என்பதுதான் இங்குள்ள சிக்கலும் வாய்ப்பும். முன்மொழிவு எழுத வேண்டும்; பெரும்பகுதி நிராகரிக்கப்படும். கிடைத்தால் ஒரு சில நாட்கள். அந்த நாட்களில் குழு முழுவதும் முறை வைத்து விழித்திருக்கும். நீங்கள் ஒரு கணினித் திரையின் முன் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு ஓராண்டு தரவைப் பிரித்தெடுப்பதில் போகும். எக்ஸ் கதிர் பளிங்குக்குள் மைக்ரோமீற்றர்க் கணக்கில் ஊடுருவும், தூண்டும் லேசரோ சில பத்து நனோமீற்றரில் நின்றுவிடும். தூண்டப்படாத அடிப்பகுதியின் சமிக்கை மேலே உள்ளதை மூழ்கடிக்காதிருக்கக் கதிரை மேற்பரப்பை ஒட்டிச் சாய்த்து அனுப்ப வேண்டும். இதைச் சரியாக அமைக்கவே முதல் நாள் போய்விடலாம்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இன்னொரு செலவு உண்டு. ஜேர்மனியில் படித்துக்கொண்டு அமெரிக்க நிலையத்துக்குப் போகத் தனி விசா வேண்டும். ஸ்லாக் போன்ற அரச ஆய்வுகூடங்களில் வெளிநாட்டவருக்கு முன்கூட்டிய அனுமதிப் பரிசீலனையும் உண்டு. கதிர் நேரத்தின் (நிலையம் ஒதுக்கித் தரும் அந்த நாட்களின்) திகதி உங்களுக்காக நகராது. விசா வராமல் அறையில் இருந்து ஸூமில் தன் சொந்தப் பரிசோதனையைப் பார்ப்பது மிகக் கசப்பான அனுபவம். நிலையம் இருக்கும் நாட்டிலேயே குழுவும் இருந்தால் இந்தத் தலையிடி பாதியாகக் குறையும். ஹம்பேர்க்கில் இருந்துகொண்டு ஹம்பேர்க் நிலையத்தைப் பயன்படுத்துகிறவரின் நிலை வேறு.

கணக்கிலும் நிரலாக்கத்திலும் கெட்டிக்காரராக, கூட்டத்தோடு வேலை செய்வதில் மகிழ்கிறவராக இருந்தால் இது பொருந்தும். தரவு அறிவியல் பக்கம் போக நினைப்பவருக்கும் இது நல்ல பயிற்சி.

## ஒரே பளிங்கு, மூன்று பதில்

ஒரு வழியை மட்டும் அறிந்தவர் எங்கே தவறி விழக்கூடும் என்பதற்கு லந்தனம் ட்ரைடெலுரைட் நல்ல உதாரணம். மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனக் குழு ஒன்று 2019 இல் வெளியிட்ட ஆய்வில் ஒளித் தெறிப்பு, ஒளியுமிழ்வு, இலத்திரன் கோணல் மூன்றையும் இந்தப் பொருளின் மீது திருப்பியது. தெறிப்பும் ஒளியுமிழ்வும் ஏற்ற அடர்த்தி அலையின் வீச்சு விரைவாக மீண்டுவிட்டதாகச் சொன்னன. கோணல் புள்ளிகளோ அதன்பின்னும் மங்கலாக, அகன்றே இருந்தன.

மூன்றும் உண்மைதான். ஒவ்வோர் இடத்திலும் அலை மீண்டும் எழுந்துவிட்டது. ஆனால் ஓரிடத்து அலையும் அடுத்த இடத்து அலையும் ஒத்துப் போகவில்லை. நடுவில் குறைபாடுகள் உருவாகி நீண்டதூர ஒழுங்கைத் தடுத்துக்கொண்டிருந்தன. முதல் இரண்டு கருவிகளோடு நின்றிருந்தால் "பொருள் பழைய நிலைக்குத் திரும்பியது" என்று எழுதியிருப்பார்கள். கோணலை மட்டும் பார்த்திருந்தால் "அலை இன்னும் மீளவில்லை" என்று எழுதியிருப்பார்கள்.

என் தீர்மானம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரே நுட்பத்தில் உலகப் புகழ் பெற்ற குழுவையும், இரண்டு நுட்பங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கும் நடுத்தரக் குழுவையும் தராசில் வைத்தால் இரண்டாவதை எடுங்கள்.

நான்குக்கும் பொதுவான ஒரு வரம்பையும் நினைவில் வைத்திருங்கள். இந்த அளவீடுகள் பெரும்பாலும் ஒரே நிகழ்வைக் கோடிக்கணக்கான முறை மீட்டிச் சராசரி எடுப்பவை. அடுத்த துடிப்பு வருமுன் பளிங்கு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். லியுப்லியானாவின் மறைந்த நிலைபோல் நிலைத்து நிற்கும் மாற்றத்தை அப்படி அளக்க முடியாது; ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். அத்தகைய நிலைகளில் ஆர்வம் இருந்தால், குழு இதை எப்படிச் சமாளிக்கிறது என்று நேர்முகத்திலேயே கேளுங்கள்.

## கொழும்புக்குத் திரும்புகிறவருக்கு

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அதியுயர் வெற்றிடக் கலம் அப்படி ஒரு வாரத்தைத் தாங்காது. ஒளியுமிழ்வு படித்தவர் இங்கே வந்து அதே வேலையைத் தொடங்குவது நான்கிலும் கடினம். இலத்திரன் கோணலுக்கும் வெற்றிடம் வேண்டும், ஆனால் மாதிரி செய்யும் கலையை எங்கும் கொண்டு போகலாம். ஒளித் தெறிப்புக்கு லேசரும் நிலையான வெப்பநிலையும் ஈரமற்ற அறையும் வேண்டும். கொழும்பின் காற்றில் அந்த மூன்றாவதே பெருஞ்செலவு. இருந்தாலும் நன்கொடையும் கூட்டுறவும் கிடைத்தால் ஓர் அறைக்குள் அடங்கும் கனவு அது.

எக்ஸ் கதிர் லேசர் இங்கே எதிர்பாராத விதமாக முன்னுக்கு வருகிறது. அந்த நிலையங்களுக்குப் பிற நாட்டவரும் முன்மொழிவு அனுப்பலாம். முடிவுகளை வெளியிடும் ஆய்வுக்குக் கதிர் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தரவைப் பகுத்தாய நல்ல கணினி போதும். ஆனால் கையில் நல்ல பளிங்கு இல்லாதவரின் முன்மொழிவை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். பளிங்கை இங்கே வளர்க்கலாம்: மூடிய குவார்ட்சுக் குழாயில் தந்தலமும் கந்தகமும், சிறிது அயடீன், ஒரு முனை சற்று அதிகச் சூடாக இருக்கும் உலை, சில வாரங்கள். வளர்ந்ததா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. நான்கு கம்பிகளை ஒட்டிச் சூட்டுத் தட்டில் வைத்துத் தடையை அளந்தால், 77 பாகை செல்சியசு அளவில், கொதிநீரைவிடக் குறைந்த சூட்டில், வளைகோடு படி இறங்குவது தெரியும். நல்ல பளிங்கு வளர்ப்பவரை எல்லா நாட்டுக் குழுவும் தேடி வரும்.

ஆகவே திரும்பி வருவது உறுதி என்றால், ஒளித் தெறிப்பை முதன்மையாக எடுத்து, அதே குழுவின் கதிர் நேரங்களில் சேர்ந்து, முடிந்தால் ஆறு மாதம் பளிங்கு வளர்ப்பவரோடு இருந்து வரச் சொல்வேன். வெளிநாட்டிலேயே ஆய்வைத் தொடர்வதாக இருந்தால், 'ஏன் மாறுகிறது' என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுப்பவர் ஒளியுமிழ்வுக்கும், 'எப்படி நகர்கிறது' என்பதைக் கண்ணால் பார்க்கத் துடிப்பவர் இலத்திரன் கோணலுக்கும் போகட்டும். எதையும் இன்னும் தீர்மானிக்காதவர் ஒளித் தெறிப்பில் தொடங்கினால் பின்னர் எந்தப் பக்கமும் திரும்பலாம். மற்ற மூன்றிலும் லேசரைப் பிரித்து, தாமதித்து, பூச்சிய நேரத்தைத் தேடும் வேலை முதலில் இருக்கவே செய்கிறது.

இடத்தை ஏற்றுக்கொள்ளுமுன் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, அந்தக் குழுவில் மூன்றாம் நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரோடு அரை மணி நேரம் தனியே பேசுங்கள். கடந்த மாதத்தில் எத்தனை நாள் தரவு எடுத்தீர்கள், எத்தனை நாள் பழுது பார்த்தீர்கள்? மாதிரி யார் செய்கிறார்கள்? லேசர் நின்றால் யார் சரிசெய்வது, நிறுவனத்தின் ஆள் வரும்வரை காத்திருப்பதா? உங்கள் கையால் மட்டும் எடுத்த தரவு எந்தக் கட்டுரையில், எந்தப் படத்தில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னால், அந்தக் குழுவை உங்கள் பட்டியலில் மேலே எழுதுங்கள்.